தினசரி காலண்டர் தாளில் மூன்று மாதங்கள்: மாதம் என்ற அளவைப் படிக்க ஒரு வழிகாட்டி

வீட்டுக் கூடத்தில் தொங்கும் தினசரி காலண்டரில் இன்றைய தாளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நடுவில் பெரிதாக ஆங்கிலத் தேதி. பக்கத்தில் தமிழ் மாதமும் தேதியும். ஒரு மூலையில் சின்ன எழுத்தில் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய மாதம். கீழே திதி, நட்சத்திரம். ஒரே நாளுக்கு மூன்று மாதங்கள், மூன்று தேதிகள். தினமும் கிழிக்கிற தாள்தான், ஆனால் இந்த மூன்றும் ஏன் ஒத்துப்போவதில்லை என்று யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டது ஒரு பிறந்தநாள் தகராறில். அம்மாவுக்கு என் பிறந்தநாள் ஒரு தேதியில், எனக்கு வேறொரு தேதியில். அம்மா நட்சத்திரம் பார்ப்பவர், நான் சான்றிதழ் பார்ப்பவன். யார் சொல்வது சரி என்று தேடப் போனதில், மாதம் என்பதே ஒன்றல்ல, பல என்று தெரிந்தது. அதை நீங்களும் படிப்படியாகப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. தேவையானவை: ஒரு தினசரி காலண்டர், ஒரு நோட்டு, வானம் தெரியும் மொட்டை மாடி. அப்புறம் ஒரு மாதப் பொறுமை.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பாருங்கள்

தமிழில் திங்கள் என்றால் நிலா. திங்கள் என்றால் மாதமும்தான். கிழமையிலும் ஒரு திங்கள் இருக்கிறது. பாரியின் மகளிர் பாடிய புறநானூற்றுப் பாட்டு 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்' என்று தொடங்குகிறது. அங்கே திங்கள் மாதம், நிலவு வெளிச்சம். 'போன மாதம் அந்த நிலா வெளிச்சத்தில் எங்கள் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது' என்று அந்தப் பெண்கள் காலத்தை நிலவால் எண்ணுகிறார்கள்.

மாதம், மாசம் என்பவை 'மாஸ' என்ற வடசொல்லிலிருந்து வந்தவை. அந்த மொழியிலும் மாஸ் என்றால் நிலவும் உண்டு, மாதமும் உண்டு. பாரசீகத்தில் மாஹ் என்ற சொல்லுக்கும் இரண்டு பொருள். கன்னடத்தில் மாதம் திங்களு, தெலுங்கில் நெல. ஆங்கிலத்தில் மூன், மந்த் இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. மலேசியாவில் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், மலாய் மொழியில் புலான் என்றால் நிலாவும் மாதமும்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மொழிக் குடும்பங்கள் எல்லாம் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றன. நாளைச் சூரியன் காட்டிவிடும். ஆண்டு முடிந்ததை மழையும் விளைச்சலும் காட்டும். இரண்டுக்கும் நடுவில் எண்ணுவதற்கு வானத்தில் தொங்கும் ஒரே பொருள் நிலா.

இரண்டாம் படி: ஒரு பிறையிலிருந்து அடுத்த பிறை வரை எண்ணுங்கள்

அமாவாசை கழிந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் மேற்கே பாருங்கள். நகம் வெட்டிப் போட்டது போல ஒரு பிறை தெரியும். அன்றைய தேதியை நோட்டில் '1' என்று குறியுங்கள். அடுத்தடுத்த நாட்களில் நிலா சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கும். ஏழெட்டு நாளில் அரை நிலா மாலையில் உச்சிக்கு அருகில் நிற்கும். பதினான்கு பதினைந்தாம் நாள் சூரியன் மேற்கே இறங்கும்போது முழு நிலா கிழக்கே எழும். பிறகு தேய்பிறை. அதைப் பார்க்க விடியற்காலையில் எழ வேண்டும். பலரும் நோட்டைக் கைவிடுவது இந்த இடத்தில்தான், நானும் முதல் முறை அப்படித்தான் விட்டேன்.

மறுபடியும் மேற்கே பிறை தெரியும்போது எண்ணிப் பார்த்தால் 29 அல்லது 30 நாள் வரும். சராசரி 29 நாள், 12 மணி, 44 நிமிடம், கூடவே ஏறத்தாழ 3 விநாடி. இந்த அரை நாள்தான் எல்லாத் தொல்லைக்கும் வேர். முழு நாட்களாக எண்ணும் மனிதனுக்கு நிலா அரை நாளை மிச்சம் வைக்கிறது. அதனால் பிறையை நம்பிய நாட்காட்டிகளில் சில மாதம் 29, சில மாதம் 30 என்று கலந்து வரும்.

ஹிஜ்ரி மாதம் இந்த எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொண்டது. பிறை தெரிந்தால் புது மாதம், தெரியாவிட்டால் 30 நாளை நிறைவு செய்துவிட்டு மறுநாள். ரமலான் முடியும் மாலையில் தமிழ்நாட்டு அரசின் தலைமைக் காஜி அறிவிப்புக்காக எல்லோரும் காத்திருப்பது இதனால்தான். பன்னிரண்டு நிலா மாதங்களைக் கூட்டினால் 354 நாள் சொச்சம்தான் வரும். சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட ஹிஜ்ரி முறை எதையும் சேர்ப்பதில்லை. எனவே ரமலான் ஒவ்வோர் ஆண்டும் 11 நாள் முன்னே நகர்ந்து, ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். கோடை நோன்பு, மழைக்கால நோன்பு இரண்டையும் ஒரே ஆள் தன் வாழ்நாளில் பார்த்துவிடுவார்.

மூன்றாம் படி: நட்சத்திரத்தை வைத்து எண்ணினால் வேறு கணக்கு

இந்தப் படியில்தான் என் பிறந்தநாள் தகராறு தீர்ந்தது. நிலா ரோகிணிக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இரவைக் குறித்துக்கொள்ளுங்கள். சிவந்து மின்னும் பெரிய விண்மீன், எளிதில் அடையாளம் தெரியும். நிலா மறுபடியும் அதே விண்மீனிடம் வர 27 நாளும் கிட்டத்தட்ட 8 மணி நேரமும் ஆகும். ஆனால் பிறையின் வடிவம் முன்பு இருந்ததுபோல இருக்காது, அதற்கு இன்னும் இரண்டு நாள் சொச்சம் தேவை. காரணம் எளிது. நிலா ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் பாதையில் சுமார் 27 பாகை நகர்ந்துவிடுகிறது. விண்மீனைப் பிடித்த நிலா, சூரியனைப் பிடிக்க மேலும் கொஞ்சம் ஓட வேண்டியிருக்கிறது.

நட்சத்திரங்கள் ஏன் 27 என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நிலா ஒரு சுற்றில் தங்கும் இரவுகள் 27, இரவுக்கு ஒரு வீடு.

ஆக நம் வீடுகளில் இரண்டு நிலா மாதங்கள் ஒன்றாக ஓடுகின்றன. பிறந்தநாளுக்கும் கோயில் அர்ச்சனைக்கும் நட்சத்திரம், அது 27 நாள் கணக்கு. திவசத்துக்கும் விரதத்துக்கும் திதி, அது 29½ நாள் கணக்கு. அந்த 29½ நாளை 30 திதிகளாக வெட்டியதால் ஒரு திதி சராசரியாக 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு தமிழ் மாதம் 27 நாளைவிட நீளமானது என்பதால் சில மாதங்களில் ஒரே நட்சத்திரம் தொடக்கத்தில் ஒரு முறையும் கடைசியில் ஒரு முறையும் வந்துவிடும். அப்போது பெரும்பாலான வீடுகளில் இரண்டாவதைத்தான் பிறந்தநாளாக வைத்துக்கொள்கிறார்கள். அம்மா சொன்ன தேதி அப்படி வந்ததுதான். சான்றிதழை வைத்துக்கொண்டு நான் சண்டை போட்டது வீண்.

பத்து மாதம் சுமந்து பெற்றாள் என்கிறோமே, அதையும் இங்கேயே பார்த்துவிடலாம். கடைசி மாதவிலக்கிலிருந்து மருத்துவர்கள் எண்ணுவது 280 நாள். அது சரியாகப் பத்து இருபத்தெட்டு. நம் பாட்டிமார் எண்ணிய மாதம் ஆங்கில மாதமாக இருந்திருந்தால் ஒன்பது மாதம் சொச்சம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான்காம் படி: தமிழ் மாதப் பெயர்களை வானத்தில் தேடுங்கள்

சித்திரை மாதம் பௌர்ணமி இரவில் நிலாவுக்கு அருகே வெண்மையும் நீலமும் கலந்த ஒரு பிரகாசமான விண்மீன் இருக்கும். அதன் பெயர் சித்திரை. மாதத்துக்குப் பெயர் வந்த இடம் அதுதான். எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் நிலா முழுமையடைகிறதோ அந்த நட்சத்திரத்தின் பெயர் மாதத்துக்கு வைக்கப்பட்டது.

இதற்குச் சான்றுக்கு எங்கும் போக வேண்டாம், திருவிழாப் பட்டியலே போதும். சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம், திருக்கார்த்திகை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம். ஒவ்வொன்றும் முழுநிலா நாளையோ அதை ஒட்டிய நாளையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. வைகாசியில் விசாகம் ஒளிந்திருக்கிறது, மாசியில் மகம். பங்குனிக்கு உத்திரத்தின் வடமொழிப் பெயரான பல்குனி, மார்கழிக்கு மிருகசீரிடம், ஆடிக்குப் பூராடமும் உத்திராடமும், புரட்டாசிக்குப் பூரட்டாதி, ஐப்பசிக்கு அசுவினி. ஆவணிக்குத் திருவோணம், அதன் வடமொழிப் பெயர் சிரவணம். தை மட்டும் கொஞ்சம் மறைந்து கிடக்கிறது. பூசத்துக்கு வடமொழியில் திஷ்யம் என்று ஒரு பழைய பெயர் உண்டு, அதன் வழியே தை வந்தது என்பார்கள். ஆனியில்தான் ஒலி ஒத்துவரவில்லை. வடமொழியில் அந்த மாதம் கேட்டை நட்சத்திரத்தின் பெயரால் ஜ்யேஷ்டம்.

இடையில் ஒன்று. பன்னிரண்டு பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எல்லாம் இகரத்தில் அல்லது ஐகாரத்தில் முடியும். தொல்காப்பியத்தில் 'திங்கள் முன்வரின் இக்கே சாரியை' என்று மாதப் பெயர்களுக்காகவே தனியாக ஒரு விதி இருக்கிறது. ஆடிக்குக் கொண்டான் என்பது உரைகாரர்கள் காட்டும் எடுத்துக்காட்டு.

ஐந்தாம் படி: பெயர் நிலவுடையது, நாள் கணக்கு சூரியனுடையது

குழப்பமான படி இது, நிதானமாக வாருங்கள். தமிழ் மாதத்துக்குப் பெயர் கொடுத்தது நிலா, ஆனால் அது தொடங்குவதும் முடிவதும் சூரியனால். சூரியன் மேட ராசிக்குள் நுழையும் நாள் சித்திரை 1, மகரத்தில் நுழையும் நாள் தை 1. முழுநிலா எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே இருக்கும். சூரியன் மேடத்தில் இருக்கும்போது எதிரே சித்திரை நட்சத்திரப் பக்கம் நிலா முழுமையடைகிறது. எதிர்வீட்டின் பெயரை இந்த வீட்டுக்கு வைத்தது போல. மலையாளிகள் இந்தச் சுற்று வழியை விட்டுவிட்டு மேடம், இடவம், மிதுனம் என்று சூரியன் இருக்கும் ராசியின் பெயரையே மாதத்துக்கு வைத்துக்கொண்டார்கள். கணக்கு ஒன்றுதான், பெயர்ப்பலகைதான் வேறு.

இப்போது காலண்டரைப் புரட்டி ஒவ்வொரு தமிழ் மாதத்துக்கும் எத்தனை நாள் என்று எழுதுங்கள். ஆனி 31 அல்லது 32. மார்கழி 29 அல்லது 30. ஏன் இவ்வளவு வேறுபாடு? பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகே, 14.7 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அருகே இருக்கும்போது வேகமாக ஓடும். அதனால் சூரியன் தனுசு ராசியின் 30 பாகையை 29⅓ நாளில் தாண்டிவிடுகிறது. அதுதான் மார்கழி. ஜூலை தொடக்கத்தில் தொலைவு 15.2 கோடி கிலோமீட்டர், பூமி மெதுவாகப் போகிறது, மிதுனத்தைத் தாண்ட 31 நாளும் இன்னும் அரை நாளுக்கு மேலும் ஆகிறது. அது ஆனி. பூமியின் வேகம் கூடிக் குறைவதைத் தொலைநோக்கி இல்லாமல் காட்டும் கருவி ஒன்று நம் சுவரில் ஆணியில் தொங்குகிறது. என்னைக் கேட்டால், பள்ளியில் கெப்ளர் விதியை இந்தத் தாள்களை வைத்தே நடத்தலாம்.

மாதம் எந்த நாளில் பிறக்கிறது என்பதில் ஒரு சின்ன விதி உண்டு. சூரியன் ராசி மாறும் நேரம் சூரிய அஸ்தமனத்துக்கு முன் என்றால் அன்றே மாதம் 1. அதற்குப் பின் என்றால் மறுநாள். கேரளத்தில் எல்லை அஸ்தமனம் இல்லை, நண்பகல் தாண்டிச் சற்று நேரம்தான். அதனால் சில ஆண்டுகளில் நமக்குப் புத்தாண்டு ஒரு நாள், அவர்களுக்கு விஷு மறுநாள். தமிழ்நாட்டுக்குள்ளேயே பழைய வாய்பாட்டுக் கணக்கில் போகும் வாக்கியப் பஞ்சாங்கமும் திருத்திய வானியல் கணக்கில் போகும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ராசி மாறும் நேரத்தில் வேறுபடும். இரண்டு வீட்டுக் காலண்டரில் மாதப் பிறப்பு வெவ்வேறு நாளில் இருந்தால் அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

சூரியனை நம்பியதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நாம் ராசிகளை விண்மீன்களை வைத்து அளக்கிறோம். விண்மீன் ஆண்டு பருவ ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். எனவே மாதப் பிறப்பு ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் என்று ஆங்கிலத் தேதியில் பின்னே தள்ளிப்போகிறது. விவேகானந்தர் பிறந்த 1863 ஜனவரி 12 மகர சங்கராந்தி நாள். இப்போது அது ஜனவரி 14 அல்லது 15. சூரியன் உண்மையாகவே வடக்கே திரும்பும் நாள் டிசம்பர் 21, 22 வாக்கில். தை முதல் நாளும் அந்தத் திரும்பலும் ஒன்றாக இருந்து 1,700 ஆண்டுக்கு மேல் ஆகிறது.

ஆறாம் படி: இரண்டு அமாவாசை வந்த ஆடியைப் பாருங்கள்

2023 காலண்டர் கையில் கிடைத்தால் ஆடி மாதத்தைத் திறங்கள். ஜூலை 17, ஆடி 1, அமாவாசை. ஆகஸ்ட் 16 அன்று ஆடி இன்னும் முடியவில்லை, மறுபடியும் அமாவாசை. எந்த அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுப்பது என்று வீட்டுக்கு வீடு கேள்வி எழுந்தது நினைவிருக்கலாம்.

ஆனியும் ஆடியும் நிலா மாதத்தைவிட நீளமானவை, அதனால் இரண்டு அமாவாசைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. தமிழ்ப் பஞ்சாங்கம் இதை மல மாதம் என்று சொல்லி, சுப காரியங்களைத் தள்ளிவைப்பதோடு விட்டுவிடும். தெலுங்கு, கன்னட நாட்டாருக்கு அப்படி விட முடியாது. அவர்களுடைய மாதம் அமாவாசையில் முடிவது. ஆண்டுக்கு 11 நாள் குறைந்துகொண்டே போனால் உகாதி மழைக்காலத்துக்குப் போய்விடும். எனவே இரண்டு அமாவாசைகளுக்கு நடுவே சூரியன் ராசி மாறவே இல்லை என்றால் அந்த நிலா மாதத்தை அதிக மாதம் என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். 2023 ஜூலை 18 முதல் ஆகஸ்ட் 16 வரை அவர்களுக்கு அதிக சிராவணம். நம் ஆடியின் இரண்டு அமாவாசைக்கு நடுவில் இருந்த அதே நாட்கள்தான்.

எத்தனை முறை சேர்க்க வேண்டும்? 19 ஆண்டில் 7 முறை. 19 சூரிய ஆண்டும் 235 நிலா மாதமும் சுமார் இரண்டு மணி நேர வித்தியாசத்தில் ஒன்றாக முடிகின்றன. பாபிலோனியர்களுக்கு இது தெரியும். ஏதென்ஸின் மெட்டன் கி.மு. 432இல் இதை அறிவித்ததால் கிரேக்கர்கள் அவர் பெயரால் அழைத்தார்கள். யூத நாட்காட்டி இன்றும் இதன்படி ஓடுகிறது. உங்கள் 19ஆம் பிறந்தநாளில் வானத்தில் இருந்த நிலா, பிறந்த அன்று இருந்த அதே வடிவில் இருந்திருக்கும், மிஞ்சிப்போனால் ஒரு நாள் வித்தியாசம்.

ஏழாம் படி: ஆங்கில மாதம், நிலவை மறந்த மாதம்

தாளின் நடுவில் பெரிதாக இருப்பது இதுதான். வானத்தோடு தொடர்பு குறைந்ததும் இதுதான். ரோமில் தொடக்கத்தில் மாதம் நிலவோடு போனது. பிறை கண்டதும் பூசாரி மாதத்தை அறிவிப்பார். அந்த முதல் நாளுக்குக் கலெண்டே என்று பெயர், காலண்டர் என்ற சொல் அதிலிருந்து வந்தது. ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்றால் ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது. பெயர் இன்னும் பழைய எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, மாதமோ இரண்டு இடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது.

ரோமானியரும் கூடுதல் மாதம் சேர்த்தார்கள். ஆனால் சேர்க்கும் அதிகாரம் மதத் தலைவர்களிடம் இருந்தது. வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டுவது, வேண்டாதவர் என்றால் சேர்க்காமல் விடுவது என்று அரசியல் புகுந்துவிட்டது. ஜூலியஸ் சீசர் இதைச் சரிசெய்ய கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாளாக நீட்டினார். பிறகு நிலவைக் கைகழுவிவிட்டு 365 நாளை 30, 31 என்று பிரித்தார். அகஸ்டஸ் தன் மாதத்துக்காகப் பிப்ரவரியில் ஒரு நாளைத் திருடினார் என்று ஒரு கதை உலவுகிறது, நம்ப வேண்டாம். சீசருக்கு முன்பே பிப்ரவரிக்கு 28 நாள்தான். ஆகஸ்டுக்கு அந்தப் பெயர் கி.மு. 8இல் வந்தது, 31 நாள் அதற்கு முன்பே வந்துவிட்டது.

பிப்ரவரி நிலா மாதத்தைவிடச் சின்னது என்பதால் சில ஆண்டுகளில் அதில் பௌர்ணமியே வராது. 2018இல் அப்படித்தான். ஜனவரி 31 தைப்பூசம், பௌர்ணமி, சந்திர கிரகணம் மூன்றும் ஒன்றாக வந்தன. அடுத்த பௌர்ணமி மார்ச்சில்.

இந்திய அரசுக்குச் சொந்தமாக ஒரு நாட்காட்டி உண்டு. மேகநாத் சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்தது, 1957 மார்ச் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாதங்களுக்கு 30, 31 என்று ஒழுங்கான கணக்கு. அரசிதழில் இருக்கிறது, வீட்டில் இல்லை.

கடைசிப் படி: இன்று இரவே சோதித்துப் பாருங்கள்

தாளின் மூலையில் உள்ள ஹிஜ்ரி தேதியைப் பாருங்கள். 2, 3 என்றால் மாலையில் மேற்கே மெல்லிய பிறை. 7, 8 என்றால் அரை நிலா. 14, 15 என்றால் இரவு முழுவதும் முழு நிலா. 22 என்றால் நள்ளிரவு வரை நிலாவைத் தேட வேண்டாம். முன்கூட்டியே அச்சிட்டது என்பதால் ஒரு நாள் முன்பின் இருக்கலாம். அடுத்து தமிழ்த் தேதி. அது 1 என்றால் ஆங்கிலத் தேதி எப்போதும் 13க்கும் 18க்கும் இடையில்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுமே சூரியக் கணக்கு. கடைசியாக ஆங்கிலத் தேதி. அதை வைத்து வானத்தில் தேட ஒன்றும் இல்லை. சம்பளம் வர இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.